அட்வான்ஸ் காசு யாருடைய காசு?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். கூலி வீட்டில் இருப்பவர்களும் வீட்டைக் கூலிக்குக் கொடுத்திருப்பவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பன்வில, மடுல்கல, ஹுலுகங்கை, வத்தேகம பக்கம் ஆசிரியர்களும் வங்கியில், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களும் இடமாற்றத்தில் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். வீடுகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு சண்டை நடக்கிறது. பெரும்பாலும் அந்தச் சண்டை வாடகைக்காக வருவதில்லை, அட்வான்ஸ் காசுக்காக வருகிறது. அதிலும் "கிளீன் பண்ணின செலவு" என்று கழிக்கும் காசுதான் அதிகம் மனத்தாங்கலை உண்டாக்குகிறது.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் யார் என்று கேட்க வேண்டாம். விடயம் முடிந்துவிட்டது. இப்போதும் ஒருவரை ஒருவர் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம். அது கெட்டுப்போகக் கூடாது.

2021 ஜனவரியில் அந்த வீட்டுக்குப் போனோம். மாதம் 17,500 ரூபாய். ஆறு மாத அட்வான்ஸ், அதாவது 105,000 ரூபாய். மனைவியின் வளையலை அடகு வைத்தும் சீட்டுக் காசை எடுத்தும் கொடுத்தோம். நான்கு வருடம் இருந்தோம். ஒரு மாதமும் வாடகை பிந்தவில்லை. 2022ல் சம்பளம் எதற்கும் போதாமல் இருந்த காலத்திலும் பிந்தவில்லை. 2024 டிசம்பரில் எங்கள் சொந்த வீட்டு வேலை ஓரளவு முடிந்ததும் சாவியைக் கொடுத்தோம்.

சாவி கொடுப்பதற்கு முன் நானும் மனைவியும் பிள்ளைகளும் இரண்டு நாள் அந்த வீட்டைக் கழுவினோம். தும்புத்தடி ஒன்று தேய்ந்தே போய்விட்டது. கண்ணாடி துடைத்து, சிலந்தி வலை அடித்து, பாத்ரூம் தேய்த்து, முற்றத்துப் புல்லையும் வெட்டிவிட்டுத்தான் வந்தோம்.

பத்து நாள் கழித்து 40,000 ரூபாயும் ஒரு துண்டுக் கடதாசியும் கைக்கு வந்தன. கடதாசியில் இப்படி இருந்தது: வீடு கிளீன் பண்ணின கூலி 15,000. முழு வீட்டுக்கும் பெயின்ட் 38,000. பாத்ரூம் கறை எடுத்தது 7,500. குசினி சிங்க் பைப் 4,500. மொத்தம் 65,000. ரசீது ஒன்றும் இல்லை.

நான் கோல் எடுத்தேன். "ஊடு சரியான ஊத்த மாஸ்டர். ஆள் வெச்சுத்தான் கழுவின" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், காசு குறைந்ததை விட அந்த வார்த்தைதான் அன்று இரவு தூங்கவிடவில்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் முழங்காலில் இருந்து தரையைத் தேய்த்தவளிடம் "உங்கள் வீடு ஊத்தை" என்று சொன்னால் அது எப்படி இருக்கும்? கூலி வீட்டில் இருப்பவர்கள் இதை எதிர்த்துப் பேசாமல் போவதற்கு ஒரு காரணம் இந்த வெட்கம். "காசு போனால் போகட்டும், ஊரில் நம்மை ஊத்தை என்று சொல்லிவிடுவார்கள்" என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னொரு காரணம், அடுத்த வீடு தேட வேண்டும். சின்ன ஊர். "அவர் சண்டைக்காரர்" என்ற பெயர் வந்தால் யாரும் வீடு தரமாட்டார்கள்.

ஆனால் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கடதாசியை ஒரு கணக்குப் பாடம் மாதிரிப் பார்த்தேன். அப்போது ஒரு விடயம் விளங்கியது. ஊத்தை, பழசு, உடைவு என்ற மூன்று வேறு வேறு விடயங்களை அவர் ஒரே பட்டியலில் கலந்திருக்கிறார்.

ஊத்தை என்பது கழுவினால் போவது. அடுப்பில் படிந்த எண்ணெய், தரையில் ஒட்டிய சேறு, விட்டுப்போன குப்பை. இதைக் குடியிருந்தவர்தான் கழுவிக் கொடுக்க வேண்டும். கழுவாமல் போனால் கழுவிய கூலியை எடுப்பதில் பிழை இல்லை.

பழசு என்பது நாள் போகப் போகத் தானாக வருவது. பெயின்ட் மங்குவது, கதவுக் கைபிடி தேய்வது, சீமெந்துத் தரையில் மயிர் போல வெடிப்பு வருவது. அந்த வீட்டில் நாங்கள் இருந்தாலும் வீட்டுக்காரரே இருந்தாலும் யாரும் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும் இது நடக்கும். இதற்காகத்தான் மாதம் மாதம் வாடகை கொடுக்கிறோம். நம் நாட்டில் வாடகை விடயத்தில் அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். அதன்படியும் வீட்டை எடுத்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் நியாயமான பாவனையால் வரும் தேய்வு அதில் சேராது.

உடைவு என்பது நம் கவனக்குறைவால் வந்தது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். நக்கிள்ஸ் மலை அடிவாரம். மழை பிடித்தால் வாரக் கணக்கில் உடுப்பு காயாது. வெயில் படாத சுவரில் பூஞ்சணம் பிடிக்காத வீடு எங்கே இருக்கிறது? பின்னறைச் சுவர் கறுத்ததற்குக் காரணம் பீலி உடைந்து மழைத் தண்ணீர் சுவரில் வடிந்ததுதான். அந்தப் பீலியைப் பற்றி நான் இரண்டு தடவை வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேன். ஒரு தடவை "பாஸ் வருவார்" என்று பதில் வந்தது. பாஸ் வரவில்லை. பாத்ரூம் கறையும் அப்படித்தான். மழை பெய்தால் டேங்கில் விழும் தண்ணீரின் நிறம் என்ன என்று இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடம் அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தில் செம்மண் கோடு விழத்தான் செய்யும். அதை ஊத்தை என்று சொன்னால் அது மலையின் ஊத்தை.

பெயின்ட் விடயம்தான் பெரிய தொகை. விசாரித்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது அவர்கள் வீட்டு ஒரு கலியாணத்துக்கு. நாங்கள் போவதற்கு இரண்டு வருடம் முன்பு. ஆக நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெயின்டுக்கு ஆறு வயது. ஒரு பெயின்ட் ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதைப் புதிதாக அடித்த அன்று வந்து ஒரு வருடத்தில் பாழாக்கிவிட்டுப் போனால், மிச்சம் நான்கு வருடப் பெறுமதியை அவரிடம் கேட்கலாம். நான்கு வருடம் இருந்துவிட்டுப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கேட்கலாம். ஆறு வருடமான பெயின்டுக்கு என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? பழைய பெயின்ட் போய் என் காசில் புதுப் பெயின்ட் வந்தால் அவர் வீடு நான் வந்த அன்று இருந்ததை விட நல்ல நிலைக்குப் போகிறது. இழந்ததை ஈடு செய்வதற்கும் இலாபம் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இது ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

அதே கணக்கை எனக்கும் போட்டுப் பார்த்தேன். முன்னறையில் என் சின்ன மகன் க்ரேயோனால் ஒரு சுவர் முழுக்கக் கப்பல் வரைந்திருந்தான். நாங்கள் தேய்த்தும் போகவில்லை. அது பழசு இல்லை. சிங்க் பைப் உடைந்ததும் எங்களால்தான், அதற்குக் கீழே தண்ணீர் பீப்பாயைத் தள்ளி வைத்ததால். ஆகவே பைப்புக்கு 4,500, அந்த ஒரு சுவருக்கு 3,500. மொத்தம் 8,000 எங்கள் கடன் என்று ஒப்புக்கொண்டேன். மிச்சம் 57,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டும் என்று எழுதினேன்.

எழுதினேன் என்பதைக் கவனியுங்கள். கோல் எடுத்துக் கத்தவில்லை. பொது இடத்தில் நிறுத்திக் கேட்கவில்லை. முகநூலில் பெயர் போடவில்லை. ஒரு பக்கக் கடிதம். ஒவ்வொரு தொகைக்கும் நேராக நான் ஒப்புக்கொள்வது எது, ஒப்புக்கொள்ளாதது எது, ஏன் என்று எழுதி, கிளீன் பண்ணிய ஆளின் ரசீதோ பெயின்ட் வாங்கிய பில்லோ இருந்தால் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். வீட்டுக்குப் போன அன்று மனைவி தன் ராத்தாவுக்கு "புது வீடு பாருங்க" என்று அனுப்பிய படங்கள் வட்ஸ்அப்பில் அப்படியே திகதியோடு இருந்தன. அதில் பின்னறைச் சுவரின் கறுப்பு அன்றைக்கே கொஞ்சம் தெரிகிறது. அந்தப் படங்களையும், வெளியேறும் நாளில் எடுத்த படங்களையும், பீலி பற்றிய மெசேஜையும் பிரின்ட் எடுத்து வைத்தேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. அதன் பிறகு ஊரில் இருவருமே மதிக்கும் இரண்டு பெரியவர்களிடம் போனேன். அவர்கள் பேசினார்கள். பிறகும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவேன் என்பதையும் அவர்கள் மூலமே சொல்லி அனுப்பினேன்.

இந்த மத்தியஸ்த சபை பற்றி நம் ஊரில் பலருக்குச் சரியாகத் தெரியாது. 1988ம் ஆண்டின் 72ம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலகப் பிரிவு அடிப்படையில் இருக்கிறது. பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டடங்களில் கூடுவார்கள். ஓய்வு பெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள்தான் மத்தியஸ்தர்கள். கட்டணம் இல்லை. லோயர் வைத்துப் பேச முடியாது, நாமே போய்ப் பேச வேண்டும். மூவர் கொண்ட குழு இரு பக்கமும் கேட்டு ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். இப்படியான சிறிய காசுத் தகராறுகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நேராக நீதிமன்றம் போக முடியாது. நாள் கடந்துவிட்டது என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1871ம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, பொதுவாக வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் வந்த கடனுக்கு மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது. போன வருடம் நடந்ததை இந்த வருடம் கேட்கலாம்.

என் விடயம் சபை வரைக்கும் போகவில்லை. பெரியவர்கள் இருவரும் அவரோடு ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். ரசீது கேட்டார்கள். ரசீது இருக்கவில்லை. பெயின்டும் இன்னும் அடிக்கவில்லை. கடைசியில் 52,000 ரூபாய் தந்தார். பாத்ரூமுக்கென்று 5,000 ரூபாயை நான் விட்டுக்கொடுத்தேன். அது நியாயம் என்பதற்காக இல்லை, அந்த மனிதரும் தலை நிமிர்ந்து எழும்பிப் போக வேண்டும் என்பதற்காக.

சட்டம் நமக்கு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், அதிகம் இல்லை. 1972ம் ஆண்டின் 7ம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது, வாடகைச் சபைகளும் இருக்கின்றன. ஆனால் 1980ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. இன்று நாம் கூலிக்கு இருக்கும் வீடுகளில் முக்கால்வாசி அதற்குப் பிறகு கட்டியவைதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும் என்று 1840ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நாம் எத்தனை பேர் செய்கிறோம்? கடையில் வாங்கிய போர்மில் பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறோம், அதுவும் இல்லாவிட்டால் வாய்ப்பேச்சு. சட்டம் பலவீனமாக இருக்கும் இடத்தில் மனிதரின் நாணயம்தான் மிச்சம்.

மற்ற இடங்களில் எப்படி என்று பாருங்கள். லண்டனில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் முதல் அட்வான்ஸ் காசை வீட்டுக்காரர் சும்மா தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். தகராறு வந்தால் நடுவர் ஒருவர் பார்ப்பார். அங்கே அடிப்படை என்னவென்றால், காசு குடியிருந்தவருடையது, கழிக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரர்தான் படமும் பில்லும் காட்டி நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019 முதல், சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் முடியாது. "போகும்போது கம்பனி வைத்துக் கிளீன் பண்ணக் காசு கட்டு" என்று நிபந்தனை போடவும் முடியாது. வந்த அன்று இருந்த அளவு சுத்தத்தில் விட்டுப் போனால் போதும், யார் கையால் கழுவினாலும் சரி. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2017ல் ஒரு சட்டம் போட்டு 2019ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

நாம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்கிறோம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு அறை எடுக்கப் போன பெற்றோருக்குத் தெரியும் அந்த வலி. போடிங் விட்டு வரும்போது "அறை கிளீன் பண்ண" என்று கழித்தால் பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021ல் நான் கொடுத்த 105,000 ரூபாயும் 2025ல் எனக்கு வர வேண்டிய 105,000 ரூபாயும் ஒன்றா? 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசிச் சுட்டெண் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அந்தக் காசில் வாங்கியதில் இன்று ஏறக்குறையப் பாதிதான் வாங்கலாம். நாம் முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலே குடியிருந்தவர் பாதியை ஏற்கனவே இழந்துவிட்டார். அதற்கு மேலும் வெட்டினால் எப்படி?

வீட்டுக்காரர்கள் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதவில்லை.

எல்லா வீட்டுக்காரரும் பணக்காரர் இல்லை. கணவரை இழந்து, மேல்மாடியைக் கூலிக்குக் கொடுத்து அந்தக் காசில் சமைக்கும் பெண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மூன்று மாத லைட் பில்லைக் கட்டாமல் இரவோடு இரவாக லொறி ஏற்றிப் போனவர்களும் இருக்கிறார்கள். 2022ல் கேஸ் இல்லாத காலத்தில் எத்தனை கூலி வீடுகளின் குசினிக்குள் விறகு அடுப்பு மூட்டினோம்? முகடு கறுத்துப்போனது. அதை யார் கட்டுவது? என் கருத்தைச் சொன்னால், அது குடியிருந்தவர் பொறுப்புத்தான், ஆனால் அந்தக் காலத்தையும் நினைத்துப் பாதியாவது விட்டுக்கொடுப்பது மனிதத்தன்மை. விறகு அடுப்பை அவர் விரும்பி மூட்டவில்லை. பெயின்டும் கூலியும் ஏறியிருப்பதும் உண்மை. உண்மையாகச் செலவழித்த காசுக்குப் பில் காட்டிக் கழியுங்கள், யாரும் மனம் நோகமாட்டார்கள். நோகவைப்பது மனதில் போட்ட ரவுண்ட் கணக்குத்தான்.

வீட்டுக்காரர்கள் பலரும் செய்யும் பிழை என்னவென்றால் அட்வான்ஸ் காசைச் செலவழித்துவிடுவது. கலியாணத்துக்கு, கூரைக்கு, கடைக்கு என்று போய்விடுகிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் வந்ததும் கையில் இல்லை. அப்போதுதான் சுவரில் கறை தெரியத் தொடங்குகிறது. பெரும்பாலான "கிளீன் செலவு" இப்படிப் பிறக்கிறது என்பது என் எண்ணம். கெட்ட எண்ணத்தால் வருவது குறைவு. ஆனால் எப்படி வந்தாலும் அது அடுத்தவர் காசு. அதற்கு நம்மிடம் ஒரு பழைய வார்த்தை இருக்கிறது: அமானிதம். அமானிதமாக வைத்திருப்பதை எடுத்துச் சாப்பிட்டால் என்ன என்பதை நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

என் ராத்தா தன் வீட்டு மேல்மாடியைக் கூலிக்குக் கொடுக்கிறார். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு இளம் ஆசிரியர் இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, இங்கே ஒரு தோட்டப் பாடசாலைக்கு முதல் நியமனம். ஒன்றரை வருடம் இருந்துவிட்டு இடமாற்றம் கிடைத்துப் போனார். போகும்போது ராத்தா கிளீன் பண்ண என்று 12,000 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார். அன்று நான் அங்கே இருந்தேன். மேலே ஏறியும் பார்த்தேன். அறை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரைப் பார்ப்பது போல. நான் பேசவில்லை. ராத்தாவுக்கு முன்னால் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன். அவர் "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு பேக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

என் 65,000 ரூபாய்க் கடதாசி கையில் இருந்த அந்த இரவுதான் அந்த முகம் ஞாபகம் வந்தது. அதுவரை வரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் காசு கிடைத்த கிழமையே ராத்தாவிடம் போனேன். முதலில் கோபப்பட்டார். "ஒனக்கு வந்தாத்தான் தெரியுது" என்றார். உண்மைதான், பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவரே உள்ளே போய் 12,000 ரூபாயை எடுத்து வந்து தந்தார். அந்த ஆசிரியரின் நம்பரைத் தேடி எடுத்து, வங்கிக் கணக்குக் கேட்டுப் போட்டேன். "எதுக்கு சேர் இது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த மாசம் வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாமப் போச்சு சேர்" என்று மட்டும் சொன்னார்.

நம் ஊரில் முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் எல்லோரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூலிக்கு இருக்கிறோம். கடையில் பத்து ரூபாய் மிச்சம் தராவிட்டால் மறந்துவிடுவார்கள். வீட்டு அட்வான்ஸை வெட்டினால் அதை ஒருவரின் பிழையாக எடுப்பதில்லை, "அந்த ஆக்கள் இப்படித்தான்" என்று எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளை ஹட்டனுக்கு எங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் யோசனைகளைச் சொல்கிறேன். பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஒரு கடதாசியும் ஒரு போனும் போதும்.

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரும் குடியேறுபவரும் ஒன்றாக வீட்டைச் சுற்றுங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், இருவர் போனிலும் இருக்கட்டும். சுவர், தரை, பைப், ஜன்னல், பாத்ரூம், பீலி எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாகப் பெயின்ட் அடித்தது எப்போது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சாட்சிக்கு இரண்டு பேர். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் "நம்மாள்தானே, எழுதினால் நம்பவில்லை என்று நினைப்பார்" என்று நாம்தான் எழுதாமல் விடுகிறோம். சந்தேகம் இருந்தால்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஞாபகம் பிசகும் என்பதால் எழுதுகிறோம்.

அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். முடிந்தவரை மூன்று மாதத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

பீலி, பைப், கூரை எது பழுதானாலும் குடியிருப்பவர் உடனே மெசேஜில் சொல்லுங்கள். வாயால் மட்டும் சொன்னால் பின்பு அத்தாட்சி இருக்காது. சொல்லாமல் விட்டு மோசமானால் அது உங்கள் பிழையாகவும் ஆகலாம்.

வெளியேறும் நாளில் அதே கடதாசியோடு இருவரும் மறுபடி சுற்றுங்கள். கழுவ வேண்டியது ஏதும் இருந்தால் அன்றே காட்டுங்கள், கழுவ ஒரு நாள் கொடுங்கள். அதன் பிறகும் கழிக்க வேண்டி வந்தால் பில்லோடு கழியுங்கள். இரண்டு வாரத்துக்குள் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கலியாணப் பதிவுக்கு போர்ம் வைத்திருக்கிறோம், ஜனாஸாவுக்கு ஒழுங்கு வைத்திருக்கிறோம். இந்த ஒரு பக்கப் பட்டியலையும் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்தால், பிரதி ஒன்றை வைத்துக்கொண்டால், எத்தனையோ சண்டை வாசலுக்கே வராது. எழுதித் தருவதற்கு நான் தயார். சிங்களத்தில் சரிபார்க்க எங்கள் பாடசாலையிலேயே நண்பர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, காசு வெட்டப்பட்டுப் பேசாமல் இருப்பவர்களுக்கு. கேட்பது சண்டை இல்லை. உங்கள் பக்கப் பிழையை முதலில் நீங்களே எழுதிவிட்டு, மிச்சத்தைக் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை யாரும் சண்டைக்காரர் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தைதான். இன்று இரவு தூங்கப் போகும் முன் கடைசியாக உங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போன குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கழித்த காசுக்குப் பில் இருந்ததா? இல்லாவிட்டால் அவர்களுடைய நம்பர் இன்னும் உங்கள் போனில் இருக்கும்.

வஸ்ஸலாம்.